ஸ்ரீரங்கத்துக் காற்றில் மூன்று சொட்டு புரோமோஃபார்ம்

போன பங்குனியில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும்போது, மண்டபத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். ரோட்டோரமாகக் கடற்பாசியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். என் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இது என்ன நாத்தம்?" என்றாள். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி, "அது அயோடின் வாசனைம்மா, பாசியில அயோடின் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

திருச்சி வந்து சேர்வதற்குள்ளேயே எனக்குச் சந்தேகம். அயோடினுக்கு டிங்க்சர் வாசனைதானே? இது அது இல்லையே. ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். நான் சொன்னது தப்பு. கடல் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு டைமீத்தைல் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. கூடவே புரோமோஃபீனால்கள் என்று ஒரு குடும்பம். கடல் இறாலுக்கும் கடல் மீனுக்கும் இருக்கிற அந்த 'கடல் ருசி' இவற்றால் வருவதுதான். காவேரி மீனில் அது கிடையாது. ஆத்து மீனா கடல் மீனா என்று வாயில் வைத்ததும் சொல்லிவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் நாக்கு கண்டுபிடிப்பது பெருமளவு புரோமினைத்தான் என்று அவர்களுக்கே தெரியாது.

அங்கே பிடித்த புரோமின் கிறுக்கு என்னை இன்னும் விடவில்லை. நான் படித்தது பி.ஈ., வேலை சாஃப்ட்வேர். கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு முடிந்தது. அதனால் கீழே இருப்பதை ஒரு ஆர்வக்கோளாறு ஆசாமியின் நோட்டுப்புத்தகமாகப் படியுங்கள்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் புரோமின் சுமார் 65 மில்லிகிராம், அதாவது ஒரு பக்கெட் கடல் தண்ணீருக்கு ஒரு கிராம். உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது சாப்பாட்டு உப்பு முதலில் படிந்துவிடும், புரோமைடு பெரும்பாலும் கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிடும். 1826-இல் பிரான்சின் மோன்பெல்லியே ஊரில் பலார் என்ற இளைஞர் அந்த மிச்சத் தண்ணீரில் குளோரினை விட்டுத்தான் இந்தத் தனிமத்தைப் பிரித்தெடுத்தார். நாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பேர் வைத்தார்கள். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி இதே திருச்சியிலிருந்து கிளம்பி வேதாரண்யம் வரை நடந்துபோய் அள்ளிய உப்பிலும் துளி புரோமைடு ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதற்கும் சேர்த்து வரி கேட்டிருப்பான் வெள்ளைக்காரன்!

சரி, தண்ணீரில் கரைந்து கிடக்கிற புரோமைடு எப்படிக் காற்றுக்கு வருகிறது? தானாக வராது. அது உப்பு, ஆவியாகாது. அதைப் பிடித்து ஒரு கரிம மூலக்கூறில் மாட்டி வாயுவாக்க யாராவது வேண்டும். அந்த வேலையைச் செய்வது பாசி.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் காலங்காலமாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பேர்களே அழகு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. (பக்கோடா பாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏன் அந்தப் பேர் என்று உடனே புரியும்.) புத்தகத்தில் இவை ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம், டர்பினேரியா. முதல் இரண்டும் சிவப்புப் பாசி, மற்ற இரண்டும் பழுப்புப் பாசி. இந்த இரண்டு இனத்திலும் புரோமோபெராக்சிடேஸ் என்ற நொதி பரவலாகக் காணப்படுகிறது. அதன் மையத்தில் இருப்பது வனேடியம். இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் உயிர்களில் சகஜம், வனேடியம் அபூர்வம். இது தெரியவந்ததே 1980-களில்தான்.

நடப்பது இதுதான். வெயில் அடிக்கும்போது பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது. வெயில் உறைக்க உறைக்க, பக்கவிளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்கிறது. அது செல்லுக்கு விஷம், வெளியே தள்ளியாக வேண்டும். நொதி அந்தப் பெராக்சைடை எடுத்து, கடல் தண்ணீரின் புரோமைடோடு சேர்த்து ஹைப்போபுரோமஸ் அமிலம் ஆக்குகிறது. நம் வீட்டு பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் செய்கிற வேலைக்கு அண்ணன் தம்பி முறை. அந்த அமிலம் பக்கத்தில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களைக் கடித்துக் குதற, கடைசியில் உதிர்கிற துண்டுதான் புரோமோஃபார்ம். ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், மூன்று புரோமின். குளோரோஃபார்முக்கு ஒன்றுவிட்ட தம்பி, வாசனையும் அதே தித்திப்பு வாசனை. கூடவே டைபுரோமோமீத்தேன், இன்னும் குளோரினும் புரோமினும் கலந்த சில்லறை வாயுக்கள்.

பாசிக்கு இதில் என்ன லாபம்? பெராக்சைடைத் தீர்த்துக்கட்டுவது ஒன்று. மேலே வந்து ஒட்டும் பாக்டீரியாவை விரட்டுவது, கடிக்க வரும் பூச்சி மீன்களுக்கு வாய் கசக்கச் செய்வது என்று இன்னும் சில. அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசி இதில் ஒரு படி மேலே போய், இதைச் சேமிக்கவே தனி சுரப்பிச் செல்கள் வைத்திருக்கிறது. அந்தப் பாசி கடைசியில் மறுபடி வரும்.

கரையோரப் பாசி மட்டும்தான் மூலம் என்று நினைக்க வேண்டாம். நடுக்கடலில் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்களும் புரோமின் வாயுக்களை உண்டாக்குகின்றன. ஒரு சதுர மீட்டருக்கு என்று பார்த்தால் பாசிக் கரைதான் கில்லாடி. ஆனால் கடலின் பரப்பு பிரம்மாண்டமாச்சே, அதனால் மொத்தத்தில் நடுக்கடலையும் ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சில லட்சம் டன் புரோமின் இப்படி புரோமோஃபார்மாக வெளியேறுவதாக மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு மதிப்பீடு பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஒரு புராஜெக்ட் எஸ்டிமேட்டை நான் இப்படிக் கொடுத்தால் மேனேஜர் என்னை வெளியே அனுப்பிவிடுவார். கரைக்குக் கரை, மணிக்கு மணி மாறுகிற ஒன்றை, கப்பல் போன நாலு இடத்தில் அளந்து உலகத்துக்கே விரிக்க வேண்டியிருக்கிறது. வித்தியாசம் வராமல் என்ன செய்யும்?

இனி அளவு. வெப்பமண்டலக் கடல் காற்றில் புரோமோஃபார்ம் சுமார் ஒரு பிபிடி. அதாவது ஒரு லட்சம் கோடி மூலக்கூறில் ஒன்று. பாசி அடர்ந்த கரையில் இன்னும் அதிகம். ஒரு லட்சம் கோடி என்று கேட்டால் நமக்கு ஊழல் செய்திதான் ஞாபகம் வரும், அளவு மனசில் நிற்காது. அதனால் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற ராஜகோபுரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன்.

கோயில் பரப்பு 156 ஏக்கர், ராஜகோபுரம் 236 அடி. அந்த 156 ஏக்கருக்கும் நாலு பக்கம் சுவர் எழுப்பி, கோபுர உச்சி வரை காற்றால் நிரப்பினதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் நாலரைக் கோடி கன மீட்டர். அதில் ஒரு பிபிடி என்றால் 45 மில்லிலிட்டர் வாயு. அரை டம்ளர் டிகாக்‌ஷன் கூட இல்லை. அந்த வாயுவைத் திரவமாக்கினால் அரை கிராமுக்குக் கொஞ்சம் கம்மி, மூன்று சொட்டு. சித்திரை வீதி மொத்தத்துக்கும் மேலே நிற்கிற காற்றில் மூன்றே சொட்டு!

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் வேறு படம். ஒரு லிட்டர் காற்றில் மொத்தம் இருக்கிற மூலக்கூறுகள் அத்தனை கோடி என்பதால், ஒரு பிபிடி என்றாலும் அந்த ஒரு லிட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி புரோமோஃபார்ம் மூலக்கூறுகள் இருக்கும். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர். கணக்கு உங்கள் கையில்.

'கடல் காற்றுதானே, ஸ்ரீரங்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கலாம். அதிராம்பட்டினம் கடற்கரை இங்கிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள். ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வருவது வங்காள விரிகுடாக் காற்று. மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகம் என்றால் காலையில் கடல்மேல் இருந்த காற்று சாயங்காலம் காவேரிப் பாலத்தில். புரோமோஃபார்ம் காற்றில் தாக்குப்பிடிப்பது மூன்று வாரம் போல, பிறகுதான் வெயில் அதை உடைக்கிறது. ஆக, வழியில் கொஞ்சம் கலந்து நீர்த்துப்போகுமே தவிர, அழிய நேரமே இல்லை.

இந்த மூன்று வாரம் என்பதுதான் விஷயத்தின் முடிச்சு. ஓசோன் படலம் இருப்பது ஸ்ட்ராடோஸ்பியரில். வெப்பமண்டலத்தில் அது தொடங்குவதே சுமார் 16, 17 கிலோமீட்டருக்கு மேலே. சாதாரணமாகக் காற்று அங்கே ஏறிப்போக மாதக்கணக்காகும். ஃபிரிட்ஜ் வாயு சி.எஃப்.சி. பல பத்தாண்டுகள் உடையாமல் இருப்பதால் சாவகாசமாக ஏறும். மூன்று வாரத்தில் உடைகிற புரோமோஃபார்ம் ஏற முடியாது, அதனால் கவலை இல்லை என்றுதான் ரொம்ப நாள் விட்டுவிட்டார்கள்.

ஆனால் வெப்பமண்டலத்தில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. இடிமேகம். பெரிய குமுலோநிம்பஸ் மேகம் கடல் மட்டத்துக் காற்றைச் சில மணி நேரத்தில் 12, 14 கிலோமீட்டருக்குத் தூக்கிவிடும். லிஃப்டில் ஏறிய புரோமோஃபார்முக்கு மூன்று வாரம் தாராளம். நாலு மாதம் போலத் தாங்கும் டைபுரோமோமீத்தேனுக்குக் கேட்கவே வேண்டாம். வழியிலேயே உடைந்தாலும், உடைந்து வந்த புரோமின் அணுவும் ஓரளவு மேலே போய்ச் சேர்கிறது. இப்போது ஸ்ட்ராடோஸ்பியரில் உள்ள புரோமின் மொத்தம் சுமார் 20 பிபிடி. அதில் ஏறக்குறைய 5, அதாவது கால் பங்கு, இந்த அற்பாயுசு வாயுக்கள் கொண்டுபோனது.

ஐந்து பிபிடி என்றால் சிரிப்பு வரும். அணுவுக்கு அணு பார்த்தால், ஓசோனை அழிப்பதில் குளோரினைவிட புரோமின் அறுபது மடங்கு கெட்டிக்காரன் என்பது தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். காரணம் எளிது. குளோரின் மேலே போனதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாதிரி சில சாதுவான சேர்மங்களுக்குள் போய்ப் படுத்துவிடும், பெரும்பாலான நேரம் தூக்கம். புரோமினுக்கு அப்படிப் படுக்க உறுதியான கட்டில் கிடையாது. அது சேர்கிற சேர்மம் எல்லாம் சீக்கிரம் உடையும், மறுபடி வேலைக்கு வந்துவிடும். குளோரினும் கூட இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு அழிக்கும்.

இந்த லிஃப்ட் எங்கே நன்றாக ஓடுகிறது? இந்தோனேஷியா, மேற்குப் பசிபிக் பக்கம். அப்புறம், நம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலேயே. 2014 ஜூலை, ஆகஸ்ட்டில் 'சோனே' என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் டர்பனிலிருந்து மொரீஷியஸ் வழியாக மாலத்தீவு வரை அளந்துகொண்டே வந்தது. அந்த அளவுகளை வைத்துக் காற்றின் பாதையைக் கணக்கிட்டபோது, மேற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் புரோமின் வாயுக்களில் ஒரு பங்கு பருவக்காற்றோடு வந்து, வங்காள விரிகுடாப் பக்கத்து மேகங்கள் வழியாக மேலே ஏறுவது தெரிந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புரோமினும் பறக்கிறது.

கடலை விட்டு நம் வயலுக்கு வருகிறேன். இந்தக் குடும்பத்தில் இன்னொரு முக்கிய ஆள் மீத்தைல் புரோமைடு. பழைய தலைமுறை விவசாயிகளுக்கும் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதைப் புகைமருந்தாகத் தெரிந்திருக்கும். மண்ணிலும் தானிய மூட்டையிலும் புழு பூச்சியைக் கொல்ல அடிப்பார்கள். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி பணக்கார நாடுகள் 2005-க்குள்ளும் நம்மைப் போன்ற நாடுகள் 2015-க்குள்ளும் விட்டாக வேண்டும் என்று முடிவாயிற்று. ஏற்றுமதிச் சரக்கு, குவாரன்டைன் தேவைக்கு மட்டும் விலக்கு. 1990-களின் கடைசியில் காற்றில் 9 பிபிடிக்கு மேல் இருந்தது, இப்போது 7-க்குக் கீழே. பூஜ்யத்துக்கு ஏன் போகவில்லை? கடல், காட்டுத்தீ, உப்புச் சதுப்பு நிலம், கடுகுக் குடும்பச் செடிகள் எல்லாம் அதை இயற்கையாகவே விடுகின்றன. கூடவே நெல்.

ஆமாம், நெல்தான். 2000-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, கலிஃபோர்னியா நெல் வயலில் இரண்டு போகம் அளந்து பார்த்து எழுதியது. காற்றில் உள்ள மீத்தைல் புரோமைடில் சுமார் 1 சதவீதமும் மீத்தைல் அயோடைடில் சுமார் 5 சதவீதமும் உலக நெல் வயல்களிலிருந்து வருவதாக அவர்கள் மதிப்பீடு. கல்லணை தாண்டி பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் பச்சையாக விரிகிறதே, அதுவும் தன் பங்குக்கு ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. வேர் வழியாக ஏறிய புரோமைடில் ஒரு மீத்தைல் ஒட்டை மாட்டி வெளியே தள்ளும் நொதி செடிகளில் இருக்கிறது. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் அதற்கான ஜீனை 2003-இல் கண்டுபிடித்தவர்கள் வைத்த பேர் 'ஓசோன் படலத்துக்குத் தீங்கற்றது'. ஜீனை முடக்கினால் செடி வாயு விடுவதில்லை, தீங்கற்றதாகிவிடுகிறது. அதனால் அந்தப் பேர்! ஒரு ஃபங்ஷனுக்கு, அதை அழித்தால் என்ன ஆகும் என்பதையே பேராக வைப்பது போல. எங்கள் கோட் ரிவ்யூவில் இது தாண்டாது.

மனுஷன் கைப்பட்ட புரோமோஃபார்மும் உண்டு. கடலோர மின்நிலையங்கள் குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுக்கின்றன. குழாயில் சிப்பி ஒட்டாமலிருக்க குளோரின் போடுவார்கள். குளோரின் உடனே தண்ணீரின் புரோமைடைத் தாக்கி ஹைப்போபுரோமஸ் அமிலம் ஆக்கும். மீதி நீங்கள் ஏற்கெனவே படித்தாயிற்று. பாசி நொதியால் செய்வதை இங்கே குளோரின் டேங்க் செய்கிறது. கல்பாக்கத்திலும் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். புரோமைடு உள்ள போர்த் தண்ணீரில் குளோரின் போட்டாலும் துளித்துளி வரும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

இப்போது, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127.7 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் தெப்பத்தில் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு ஏற்கெனவே இருபது வருஷமாக நடக்கிறது. அது சில இடங்களில் பவளப்பாறை மேல் படர்ந்த சர்ச்சை தனிக் கதை. அந்தச் செய்தியைப் படித்த சூட்டில் நான் ஒரு எக்செல் போட்டேன். தமிழ்நாட்டில் பாசி பத்து மடங்கானால் புரோமோஃபார்ம் எவ்வளவு கூடும்? விடை ஒன்றுமே இல்லாத மாதிரி வந்தது. ஜம்மென்று நாலைந்து நண்பர்களுக்கு அனுப்பியும் விட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால், கட்டுரையில் இருந்த வாயு வேகம் ஒரு கிராம் ஈரப் பாசிக்கு. நான் பெருக்கியது காய்ந்த பாசியின் டன் கணக்கை. ஈரப் பாசியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். ஒரே கலத்தில் என் விடை ஐந்து முதல் பத்து மடங்கு வரை குறைந்துபோயிருந்தது. இன்னொரு தப்பு எதிர்த் திசையில். பகல் வெயிலில் அளந்த வேகத்தை ராத்திரிக்கும் சேர்த்து 24-ஆல் பெருக்கியிருந்தேன். இரண்டு பிழையும் ஒன்றையொன்று கொஞ்சம் தின்றுகொண்டன, முழுசாக இல்லை. இருபது வருஷமாக மற்றவர்கள் கோடில் யூனிட் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். நண்பர்களுக்குத் திருத்தம் அனுப்பினேன். ஒருத்தர்தான் படித்தார்.

திருத்திய பிறகும் வளர்ப்புப் பாசியின் பங்கு சிறியதுதான். மலேசியக் கரையில் இயற்கைப் பாசியையும் வளர்ப்புப் பாசியையும் அளந்து 2013-இல் வெளியான ஆய்வும், இன்றைய பண்ணை அளவில் அதன் பங்கு குறைவு என்றுதான் சொல்கிறது.

ஆனால் அது கப்பாபைகஸ் மாதிரி பாசிகளுக்கு. அஸ்பராகாப்சிஸ் வேறு ஜாதி. மாட்டுத் தீவனத்தில் அதைத் துளி கலந்தால், அதிலுள்ள புரோமோஃபார்ம் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரின் நொதியை முடக்குகிறது. சில சோதனைகளில் மாடு விடும் மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாடும் எருமையும் சேர்த்து 30 கோடி. இதற்காகப் பாசி வளர்த்தால், புரோமோஃபார்ம் நிறைய இருக்கிற ரகத்தைத் தேடித்தேடித்தான் வளர்ப்பார்கள். புவி சூடாவதைத் தடுக்கப்போய் ஓசோனில் கை வைப்போமா?

ஆஸ்திரேலியாவுக்கு இந்தக் கணக்கை ஒரு குழு 2022-இல் போட்டுப் பார்த்தது. ஓசோனுக்கு வரும் கூடுதல் பாதிப்பு மிகமிகச் சிறியது என்பது முடிவு. எனக்கு அதில் பிடித்தது வேறு ஒரு வரி. அதே பண்ணையைத் தெற்குக் கரையில் வைப்பதற்கும் வெப்பமண்டல டார்வினில் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, டார்வினில் வைத்தால் மேலே போவது கூடுதல். காரணம் அதே லிஃப்ட். மண்டபத்தின் அட்சரேகை ஒன்பதேகால் டிகிரி, டார்வினைவிடப் பூமத்திய ரேகைக்குப் பக்கம், பருவக்காற்றின் வழியிலேயே இருக்கிறது. எத்தனை டன் வளர்க்கிறோம் என்பதோடு எந்த மாதம் அறுக்கிறோம், எங்கே காயப்போடுகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பாசி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெயிலில் காயும்போதும் வாயு வெளியேறுகிறது. அன்றைக்கு ரோட்டோரத்தில் என் பெண் மூக்கைப் பொத்திக்கொண்ட இடம்.

அவளிடமும் அயோடின் இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்போ நீ சொன்னது தப்பாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எக்செல்லில் புது ஷீட் திறந்திருக்கிறேன். இந்த முறை முதல் பத்தியில் யூனிட்.